களத்துக் குவியலுக்கு ஒரு மூடுபாய்

2021-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், தை பிறப்பதற்கு முன்னும் பின்னுமாகத் தென் மாவட்டங்களில் பருவம் தவறிய மழை விடாது பெய்தது அங்கத்தினர் பலருக்கும் நினைவிருக்கும். அறுவடைக்கு வந்த உளுந்தும் பாசிப்பயறும் வயலிலேயே முளைத்துப் போயின. முன்கூட்டியே பறித்துக் களம் சேர்த்தவர்கள் தப்பினார்கள் என்றுதான் நாம் எண்ணியிருந்தோம். ஆனால், அவர்களிலும் பலர் தப்பவில்லை.

மழை விட்ட மூன்றாம் நாள், கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில், சங்கத்துக் கடன் பெற்றிருந்த பெரியவர் ஒருவரின் களத்திற்குச் சென்றிருந்தேன். மூன்று ஏக்கர் உளுந்துச் செடியையும் மழைக்கு முதல் நாளே பறித்துக் குவித்து, புதிதாக வாங்கிய பிளாஸ்டிக் தார்ப்பாயைப் போர்த்தி, சுற்றிலும் கல்லை அடுக்கிக் காற்றும் நுழையாதவாறு மூடியிருந்தார். அன்று காலைதான் அதனை விலக்கினார். உள்ளிருந்து ஆவி எழுந்தது. நெற்றுகள் கறுத்து, பூசணம் பூத்து, மேற்பரப்பில் வெள்ளை முளை விட்டிருந்தன.

"நல்லாத்தானே சார் மூடினேன்? பாயிலே ஒரு பொத்தல் கிடையாது. ஒரு சொட்டு உள்ளே எறங்கல. அப்புறம் இந்தத் தண்ணி எங்கேயிருந்து வந்துச்சு?" என்று அவர் கேட்டார்.

"பார்த்துச் சொல்கிறேன், அண்ணாச்சி" என்பதற்கு மேல் அன்று என்னால் விடை கூற இயலவில்லை. அவ்வாண்டு அவருடைய கடன் தவணை தவறியது. அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

தண்ணீர் எங்கிருந்து வந்தது?

பறித்த செடி நமக்குக் காய்ந்ததாகத் தோன்றினாலும், அதன் தண்டிலும் இலையிலும் நெற்றிலும் ஈரம் மிகுதியாக இருக்கும். விதையோ உயிருள்ள பொருள். குவியலுக்குள் இருந்தாலும் அது மூச்சு விடுகிறது. மூச்சு விடுகையில் வெப்பமும் நீராவியும் வெளிப்படுகின்றன. ஈரம் மிகுந்தால் மூச்சும் மிகும். மூச்சு மிகுந்தால் குவியல் சூடேறும். குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தவர்கள் இதனை அறிவர்.

இரண்டாவதாக, நம் கரிசல் மண் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது. அதன்மேல் நேராகக் குவித்து மூடினால், மண்ணின் ஈரமும் ஆவியாகி மேலெழுந்து மூடியின் கீழே தங்கும்.

இவ்வாறு சேர்ந்த நீராவி, இரவில் குளிர்ந்த பிளாஸ்டிக் பாயின் உட்புறத்தில் பட்டதும் முத்து முத்தாக நீராகிறது. அந்நீர் மீண்டும் குவியலின் மேல் சொட்டுகிறது. சோற்றுப் பானையின் மூடியைத் திறந்தால் உட்புறம் நீர் வழிவதைப் போன்றதே இது. ஆகவே, பெரியவரின் உளுந்தை நனைத்தது வானத்து நீர் அன்று. உளுந்தும் நிலமும் விட்ட மூச்சே, வெளியேற வழியின்றி நீராகி நனைத்தது.

மரக்கலம் சொல்லும் பாடம்

தார்ப்பாய் என்னும் பெயரே அது கடலிலிருந்து வந்தது என்பதைக் காட்டும். கித்தான் துணிக்குத் தார் பூசி, நீர் புகாவண்ணம் செய்து, மரக்கலங்களில் சரக்கை மூடப் பயன்படுத்தினர். நம் கரிசல் பருத்தி தூத்துக்குடித் துறையிலிருந்து அயல்நாடு சென்ற காலத்தில், கோவில்பட்டிச் சீமைக்கும் கடலுக்கும் இருந்த உறவு பெரிது. தூத்துக்குடித் தோணிகள் பருத்தித் துணிப் பாய் விரித்துக் கொழும்புக்கும் பிற துறைகளுக்கும் சரக்கேற்றிச் சென்றன. இன்று தோணிகளுக்கு இயந்திரம் வந்துவிட்டது.

குளிர் மிகுந்த வட ஐரோப்பா, கனடா முதலிய இடங்களில் சிறு பாய்மரப் படகு வைத்திருப்போர், பனிக்காலம் தொடங்குமுன் படகைக் கரையேற்றி, வசந்தம் வரும் வரை ஐந்தாறு திங்கள் மூடி வைப்பது வழக்கம். விலை கொடுத்து மூடி வாங்க இயலாதவர் அதனைத் தம் வீட்டிலேயே தைத்துக்கொள்கின்றனர். அவர்கள் பட்டறிந்து கண்ட உண்மை ஒன்று உண்டு. படகைப் பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றி வைத்தால், வசந்தத்தில் திறக்கும்போது உள்ளறை முழுவதும் கரும்பூசணம் படர்ந்திருக்கும். மாறாக, படகின்மேல் முகட்டுக் கம்பு நிறுத்தி, கூரைபோல் இரு சரிவாகத் துணியை விரித்து, இரு முனைகளிலும் காற்று நுழையவும் வெளியேறவும் வழி விட்டால், மரம் கெடாமல் இருக்கும்.

அவர்களுக்குப் பனி, நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழையும் தையில் வரும் எதிர்பாராத மழையும். ஆயினும் கொள்கை ஒன்றே. மூடி என்பது மேலிருந்து வரும் நீரைத் தடுக்க வேண்டும். உள்ளிருந்து வரும் நீராவியை வெளியே விடவும் வேண்டும். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் செய்யும் மூடி அரைமூடியே.

சட்டமும் தளமும்

முதலில் தளம். களத்தில் சற்று மேடான இடத்தைத் தேர்ந்து, சுற்றிலும் ஒரு சாண் ஆழத்தில் வடிகால் வெட்டுக. மேட்டின்மேல் பருத்திமாரை அரை அடி உயரத்திற்குக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அதன்மேல் பழைய ஓலைப்பாயையோ சாக்கையோ விரிக்க வேண்டும். மண்ணின் ஈரம் குவியலைத் தீண்டாது. அடியிலும் காற்று ஓடும்.

அடுத்தது சட்டம். 12 அடி நீளமும் 6 அடி அகலமும் 4 அடி உயரமும் உள்ள ஒரு குவியலை எடுத்துக்கொள்வோம். இதற்கு 15 அடி நீளமுள்ள மூங்கிலோ, நன்கு இழைத்த பனஞ்சட்டமோ முகட்டுக் கம்பாக வேண்டும். தரையிலிருந்து முகடு 6 அடி உயரத்தில் நிற்குமாறு இரு முனையிலும் இடையிலும் கவைக்கம்பு நடுக. முகட்டிலிருந்து இருபுறமும் தரையில் 4½ அடி தள்ளி முளை அடித்தால், முகட்டுக்கும் முளைக்கும் இடையே சரிவு 7½ அடி வரும். இச்சரிவில் மழைநீர் நில்லாது ஓடிவிடும்.

சரிவு ஏன் இன்றியமையாதது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பாய் தொய்ந்து, ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள பள்ளத்தில் 5 சென்டிமீட்டர் உயரம் நீர் தேங்கினால், அது 50 லிட்டர். எடை 50 கிலோ. ஒரு மூட்டைப் பயறை மூடியின்மேல் தூக்கி வைத்ததற்கு ஒப்பாகும். பாயின்மேல் கல் வைப்பதும் இவ்வாறே பள்ளம் உண்டாக்கும். கல்லைக் கயிற்றின் நுனியில் கட்டித் தொங்கவிடலாம், பாயின்மேல் ஏற்றலாகாது.

முகட்டை வடகிழக்கு, தென்மேற்காக அமைப்பது நன்று. பருவமழைக் காலத்தில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வருவதால், அகன்ற சரிவில் மோதாமல் குறுகிய முனையிலேயே மோதும்.

துணி

இதற்கு ஏற்றது 10 அல்லது 20-ஆம் நம்பர் இரட்டை நூலில் நெருக்கமாக நெய்த கோராத் துணி. நெசவாள அங்கத்தினர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை; பாவும் ஊடையும் நெருங்கியிருத்தல் வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. பருத்தி நூல் நனைந்ததும் பருக்கும். நூல் பருத்தால் இடையிலுள்ள கண்கள் அடைபடும். நெருங்கிய பருத்தித் துணி மழையில் நனைந்தும் ஒழுகாமல் நிற்பதன் காரணம் இதுவே. காய்ந்ததும் கண்கள் மீண்டும் திறந்து, நீராவியை வெளியே விடும். பிளாஸ்டிக்குக்கு இக்குணம் இல்லை.

ஒன்றை மறவாதீர்கள். நனைந்த துணியின் உட்புறத்தில் ஏதேனும் பட்டால், பட்ட இடத்தில் ஒழுகும். ஆகவே துணி குவியலைத் தொடாமல் நிற்க வேண்டும். சட்டம் தேவைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

36 அங்குல அகலத் துணி சரிவுகளுக்கு 28 மீட்டரும், இரு முனைகளுக்கு 8 மீட்டரும், ஆக 36 மீட்டர் வேண்டும். துணியில் நெசவுக்கென ஏற்றிய கஞ்சி இருக்கும். கஞ்சியே பூசணத்தின் உணவு. ஆதலால் துணியை ஓரிரவு நீரில் ஊறவைத்து, மறுநாள் சலவைச் சோடா கலந்த வெந்நீரில் அலசி, நன்கு பிழிந்து காயவைக்க வேண்டும். இதனால் கஞ்சி நீங்குவதோடு, சுருங்க வேண்டிய அளவு துணி முன்னதாகவே சுருங்கிவிடும். அதன் பின்னரே வெட்டுக.

நீர் ஒட்டாமல் பதப்படுத்துதல்

இதற்குப் படிகாரமும் சவுக்காரமும் போதும். லிட்டருக்கு 50 கிராம் வீதம் துணி சவுக்காரத்தைச் சீவி வெந்நீரில் கரைத்து, வெட்டிய துணியை ஒவ்வொன்றாக அதில் நன்கு தோய்த்து இலேசாகப் பிழிக. பின்னர், லிட்டருக்கு 50 கிராம் வீதம் படிகாரம் கரைத்த நீரில் தோய்த்து, பிழியாமல் வெயிலில் உலர்த்துக. படிகாரத்தில் உள்ள அலுமினியமும் சவுக்காரத்தில் உள்ள கொழுப்பும் சேர்ந்து, நீரில் கரையாத பொருளாகி நூலில் தங்கிவிடும். அதன்மேல் விழும் நீர் தாமரை இலைமேல் நீர்போல் உருளும். ஒவ்வொரு வகை நீரும் 30 லிட்டர் இருந்தால், அதாவது சவுக்காரமும் படிகாரமும் ஒன்றரைக் கிலோ வீதம் இருந்தால், மேற்கூறிய துணி முழுவதற்கும் போதும்.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள். சலவைத்தூள் இதற்கு உதவாது. உண்மையான சவுக்காரமே வேண்டும். நம் பகுதியின் உவர்க் கிணற்று நீரும் உதவாது. அதில் சவுக்காரம் திரிந்துவிடும். ஊருணி நீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ பயன்படுத்துக.

ஆளிவிதை எண்ணெய் பூசினால் நீர் புகாது என்று சிலர் கூறுவர். அது மெய்யே. ஆயினும் அவ்வெண்ணெய் தோய்ந்த துணியை உலராமல் மடித்து வைத்தால், தானாகவே சூடேறித் தீப்பற்றும் அபாயம் உண்டு. பருத்தியும் தட்டையும் அடுக்கிய இடத்தில் இவ்வபாயத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

தையலும் கட்டும்

14½ அடி வீதம் ஆறு துண்டுகள் வெட்டி, நீளவாட்டில் இணைத்துத் தைக்க வேண்டும். ஒவ்வொரு துண்டும் ஒரு பக்கத்து அடியிலிருந்து முகட்டைத் தாண்டி மறு பக்கத்து அடி வரை செல்லும். இதனால் முகட்டின்மேல் தையல் வராது. தையல்கள் யாவும் நீர் ஓடும் திசையிலேயே அமையும். இரு விளிம்புகளையும் ஒன்றினுள் ஒன்று மடித்து, இரண்டு வரி தைத்து, தையலின்மேல் மெழுகைத் தேய்த்துவிடுக. ஓரங்களை 3 அங்குலம் மடித்துத் தைத்தால், பாய் முகட்டிலிருந்து பக்கத்துக்கு 7 அடி இறங்கும். அடிவிளிம்பு தரைக்கு ஏறத்தாழ 5 அங்குலம் மேலே நிற்கும். இது துணிக் குறைவன்று. காற்று நுழைவதற்கென வேண்டுமென்றே விட்ட வழியாகும்.

முனைகளுக்கு முக்கோணமாகத் திரை தைத்து, உச்சியில் ஓர் அடி திறந்து விடுக. சூடான ஈரக்காற்று மேலெழுந்து அவ்வழியே வெளியேறும். அத்திறப்பில் சாரல் புகாதவாறு பாயின் முனை சிறிது முன்நீண்டு நிற்கட்டும். மழை இல்லாத வேளையில் தென்மேற்கு முனைத் திரையைச் சுருட்டி மேலே கட்டிவிட வேண்டும்.

கயிறு கட்டுவதற்கு இரும்பு வளையம் வைக்கலாகாது. துரு துணியை அரித்துவிடும். பித்தளை வளையம் நன்று. அதுவும் இல்லையெனில், ஒரு கூழாங்கல்லைத் துணியின் உட்புறம் வைத்து, வெளிப்புறம் அதன் கழுத்தைக் கயிற்றால் சுருக்கிட்டுக் கட்டுக. துளையின்றியே உறுதியான பிடிப்புக் கிடைக்கும். முகட்டுக் கம்பின் முனைகளிலும் கவைகளிலும் பழஞ்சாக்கைச் சுற்றி வைத்தால், காற்றில் உராய்ந்து துணி கிழிவது தவிரும். பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கி இறுகும். மழை தொடங்கியதும் கட்டைச் சற்றுத் தளர்த்த வேண்டும். நைலான் கயிறாயின் நனைந்தபின் நெகிழும். அதனை இழுத்துக் கட்ட வேண்டும்.

பயன்படுத்தியதில் கண்டவை

இம்முறையில் ஒரு மூடுபாய் தைத்து, அடுத்த ஆண்டு அதே பெரியவரின் களத்தில் நிறுத்திப் பார்த்தோம். இரண்டு இரவுகள் மழை பெய்தது. காலையில் திரையை விலக்கிக் கை விட்டுப் பார்த்தபோது குவியலில் சூடு இல்லை. ஓரிடத்தில் மட்டும், சாய்ந்த ஒரு செடித்தண்டு துணியில் பட்டிருந்த இடத்தில், ஒரு கூடையளவு நனைந்திருந்தது. "உள்ளே ஒண்ணும் படக்கூடாதுன்னு நீங்க அப்பவே சொன்னீங்க" என்று சொல்லிக்கொண்டே, அவர் அதனைத் தனியே எடுத்து உலர்த்தினார்.

இதன் குறைகளையும் மறைக்கலாகாது. பிளாஸ்டிக் தார்ப்பாயைவிடத் துணிக்கு விலை அதிகம். ஆண்டுதோறும் படிகார நீரில் மீண்டும் தோய்க்க வேண்டும். 2023 திசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்தில் கொட்டியது போன்ற பெருமழைக்கு இது தாங்காது. அன்று காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. அத்தகைய எச்சரிக்கை வந்தால் தவசத்தைக் கிட்டங்கிக்கோ உயர்ந்த கட்டடத்துக்கோ எடுத்துச் செல்வதே அறிவுடைமை.

துணி வாங்க இயலாதவர்க்கும் ஒரு வழி உண்டு. இருக்கின்ற பிளாஸ்டிக் தார்ப்பாயையே மேற்கூறிய சட்டத்தின்மேல் விரித்து, அடியில் 5 அங்குலமும் முனைகளில் வழியும் விட்டுக் கட்டுக. மழை விட்டதும் விலக்கிவிடுக. துணியளவுக்கு நன்மை கிட்டாதெனினும், இறுகப் போர்த்துவதைவிட இது எவ்வளவோ மேல். உண்மையில் துணியைவிடச் சட்டமே முக்கியம்.

மழை முடிந்ததும் பாயை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, வேப்பிலை இட்டு மடித்து, எலி அண்டாத இடத்தில் தொங்கவிட வேண்டும். ஈரத்தோடு மடித்த பருத்தித் துணி சில வாரங்களிலேயே இற்றுப்போகும்.

சங்கங்கள் செய்யத்தக்கது

ஒரு வீட்டுக் களத்தில் மூடுபாயின் தேவை ஆண்டுக்குச் சில வாரங்களே. ஆகவே தனித்தனியே வாங்குவதைவிட, ஒரு சங்கம் நான்கைந்து பாய்களை வைத்துக்கொண்டு முறை வைத்து வாடகைக்குக் கொடுப்பது சிக்கனமாகும். எடுத்தவர் பெயர், நாள், திருப்பிய நாள், பாயின் நிலை ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதுக. ஈரத்தோடு திருப்பினால் பெற்றுக்கொள்ளலாகாது.

துணியை நெசவாளர் சங்கங்களிடமே கேட்டு நெய்விக்கலாம். அருப்புக்கோட்டையும் எட்டயபுரமும் நமக்கு அயலூர்கள் அல்ல. சேலைக்கும் வேட்டிக்கும் கேட்பு குறையும் மாதங்களில் இத்தகைய உறுதித் துணிக்குக் கேட்பு உண்டானால், தறி நிற்காது. நெசவாளருக்கும் இம்மூடுபாய் பயன்படும். கஞ்சி ஏற்றிய பாவும் நூல் சிப்பமும் காற்றோட்டமின்றி மூடி வைத்தால் பூசணம் பிடிப்பது உளுந்து கெட்ட அதே காரணத்தால்தான்.

அரசின் ஆதரவு விலைக் கொள்முதலில் உளுந்தும் பாசிப்பயறும் நூற்றுக்கு 12 பங்குக்கு மேல் ஈரமிருந்தால் ஏற்கப்படுவதில்லை. பருத்திக்கும் 12 பங்கே எல்லை. ஆண்டு முழுதும் பாடுபட்ட பயிர், களத்தில் நான்கு நாள் மூச்சு முட்டியதால் தள்ளுபடியாகிறது. அதன்பின் கடன் நிற்கிறது. அடகு நகை மீளாது நிற்கிறது. இதனைத் தடுக்க வேண்டியது சில கம்புகளும் 36 மீட்டர் துணியும் சிறிது முன்யோசனையும்தாம்.

ஆவணிக்குள் துணி நெய்து, புரட்டாசிக்குள் பதப்படுத்தித் தைத்துவிட்டால், ஐப்பசி மழை வரும்போது பாய் ஆயத்தமாக இருக்கும். அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர் ஒருவரேனும் இதனைப் பற்றிப் பேச வேண்டும் என்பதே என் வேண்டுகோள். வானம் கறுத்த பின் நூல் நூற்க இயலாது.